டம்மி அவுட்புட்: அத்தையின் லேப்டாப்பில் சத்தம் தேடிய கதை

லினக்ஸ் கணினியில் வைஃபை வேலை செய்யாவிட்டால் உடனே தெரிந்துவிடும். பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஏதாவது ஒரு செய்தியாவது திரையில் வரும். சத்தம் அப்படியில்லை. பாட்டு ஓடும், நொடிகள் நகரும், வால்யூமைக் கூட்டினால் அதுவும் ஒழுங்காகக் கூடும். காதில்தான் எதுவும் விழாது. அமைப்புகளைத் திறந்து, ஒலி எந்தக் கருவி வழியாகப் போகிறது என்று பார்த்தால் அங்கே ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும்.

என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. தேனியில் தனியாக இருக்கிறார். மகள் மஸ்கட்டில். தினமும் ராத்திரி வீடியோ கால் உண்டு. போன் திரையில் பேத்தி முகம் சின்னதாகத் தெரிகிறது என்று பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, சொந்தக்காரப் பையன் ஒருவனைப் பிடித்து அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போடச் சொல்லியிருந்தார். பேசுவதற்கு ஒரு யுஎஸ்பி ஹெட்செட். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஹெட்செட்டின் வயர் அறுந்த அன்றைக்குத்தான் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் சத்தமே வராது என்பது தெரியவந்தது.

“செட்டிங்ல என்னமோ டம்மின்னு போட்டிருக்குப்பா. என்னையத்தான் சொல்லுதோ?” என்று போனில் கேட்டார்.

இல்லை அத்தை, அது தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறது. லினக்ஸில் எல்லா நிரல்களின் ஒலியையும் வாங்கி, கலந்து, சவுண்ட் கார்டுக்கு அனுப்ப ஓர் இடைநிலைச் சேவை ஓடுகிறது. அதற்கு உண்மையான ஒலிக் கருவி ஒன்றும் அகப்படாதபோது, நிரல்கள் தொங்கி நிற்கக் கூடாது என்பதற்காகப் போலியாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். வருகிற ஒலியை எல்லாம் வாங்கி அப்படியே கீழே போட்டுவிடுவதுதான் அந்தப் போலியின் வேலை. ஆகவே ‘டம்மி அவுட்புட்’ என்றால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ‘எனக்கு மேலே எல்லாம் சரி, கீழே கார்டைக் காணோம்’ என்று அந்தச் சேவை சொல்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு தடயமும் கையில் இருந்தது. யுஎஸ்பி ஹெட்செட் இத்தனை நாள் வேலை செய்தது. யுஎஸ்பி ஒலிக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரு பொதுத் தரத்தைப் பின்பற்றுகின்றன. எந்தக் கம்பெனி தயாரித்தாலும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் உள்ள ஒரே டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) அவற்றை ஓட்டிவிடும். ஹெட்செட்டில் சத்தம் வந்தது என்றால் பிரவுசரும் சரி, நடுவில் உள்ள சேவையும் சரி. கோளாறு லேப்டாப்பின் உள்ளே இருக்கும் கார்டுக்கும் கர்னலுக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறது. அத்தை அறுந்த ஹெட்செட்டைக் குப்பையில் போடப் பார்த்தார். நான் தடுத்தேன். ஒரு பக்கமாவது கேட்கிற யுஎஸ்பி ஹெட்செட், லினக்ஸ் ஒலிக் கோளாறு பார்க்கிறவனுக்கு டெஸ்டர் மாதிரி.

இணையத்தில் இந்தச் சிக்கலைத் தேடினால் வருகிற பதில்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்துப் பதில்களில் பத்து விதமான கட்டளைகள் இருக்கும். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, அவரவர் காலத்தில் அது சரிதான். லினக்ஸின் ஒலி அமைப்பு ஒரே நேரத்தில் கட்டப்பட்டதல்ல. 1992-இல் ஹன்னு சாவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்காக எழுதிய டிரைவர்தான் பிறகு ஓஎஸ்எஸ் என்ற அமைப்பாக வளர்ந்தது. 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற கார்டுக்காகத் தொடங்கிய வேலை அல்சா ஆனது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் ஓஎஸ்எஸ்ஸின் இடத்தை அல்சா பிடித்தது. அதற்கு மேலே, முன்பு சொன்ன இடைநிலைச் சேவையாக லென்னர்ட் பொட்டரிங்கின் பல்ஸ்ஆடியோ வந்தது. 2007-இல் ஃபெடோரா 8, 2008-இல் உபுண்டு 8.04 ஆகிய லினக்ஸ் வகைகளில் இயல்பாகவே இடம்பெற்றது. இப்போது அந்த இடத்தில் விம் டெய்மன்ஸ் தொடங்கிய பைப்வயர். ஃபெடோரா 34 அதை 2021-இல் ஏற்றது, உபுண்டு 22.10-இல் ஏற்றது.

மேலே யார் வந்தாலும் போனாலும் அடியில் அல்சா அப்படியே இருக்கிறது. கார்டோடு நேரடியாகப் பேசுவது இன்றைக்கும் அதுதான்.

2009-இல் எழுதிய ஒரு பதில் ‘பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லும். அந்தக் காலத்தில் பலருக்கு அது உண்மையாகவே பலித்தது. பல்ஸ்ஆடியோ, கார்டின் நேரக் கணக்கை நம்பி ஒரு புது முறையில் வேலை செய்தது. டிரைவர்கள் பலவற்றில் அந்தக் கணக்கே தப்பாக இருந்தது. அதுவரை யாரும் அதைப் பயன்படுத்தாததால் தப்பும் வெளியே தெரியவில்லை. பழி முழுக்க புதிதாக வந்தவர் தலையில் விழுந்தது. இன்றைக்கு அந்தப் பதிலைப் படித்துவிட்டு நீக்கக் கிளம்பினால் அதோடு சேர்ந்து டெஸ்க்டாப் தொகுப்பும் கிளம்பிப் போகலாம். சத்தம் வராத கணினி, படமும் வராத கணினியாகிவிடும். என் வழக்கம், பதிலைப் படிப்பதற்கு முன்னால் அது எந்த வருடத்தில் எழுதப்பட்டது என்று பார்ப்பது. அதில் சொல்லப்படும் அடுக்கு நம் கணினியில் இருக்கிறதா என்று அடுத்துப் பார்ப்பது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயை மாற்றிவிட்டா மோட்டாரைப் பார்ப்போம்? தொட்டியில் இருக்கிறதா, மோட்டார் ஏற்றுகிறதா என்றுதான் போவோம். இதற்கும் அதேதான்.

தேனிக்குப் போனதும் முதலில் ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். கணினியின் பலகையில் கர்னலுக்கு என்னென்ன கருவிகள் தெரிகின்றன என்று அது பட்டியல் போடும். ஒலிக் கருவி இருந்தது. கூடவே ஒரு ‘கே’ சேர்த்துக் கொடுத்தால் எந்தக் கருவியை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்றும் சொல்லும். டிரைவரும் இருந்தது. பெயரில் ‘எஸ்ஓஎஃப்’ என்று ஆரம்பித்தது. அடுத்து ‘ஏபிளே’ கட்டளை. அல்சாவின் கணக்கில் எத்தனை கார்டு இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுகூட இல்லை என்று பதில். கருவி இருக்கிறது, டிரைவர் இருக்கிறது, கார்டு மட்டும் இல்லை. இந்த இடம் வந்துவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம், கர்னலின் பதிவைப் படித்தால் போதும். ‘டிமெஸ்ஜி’ கட்டளையில் அதைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். ‘எஸ்ஓஎஃப்’ என்ற சொல் வருகிற வரிகளை மட்டும் வடிகட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும்: ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்டேன், கிடைக்கவில்லை, பிழை எண் மைனஸ் 2.

மைனஸ் 2 என்பதற்கு லினக்ஸில் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பொருள். கோப்பு கெட்டுப் போகவில்லை, அனுமதிச் சிக்கலும் இல்லை. வைக்க வேண்டியதை யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சவுண்ட் கார்டுக்கு எதற்காகத் தனியாக ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்? 2004-இல் இன்டெல் கொண்டுவந்த ‘எச்டி ஆடியோ’ முறையில் இதற்குத் தேவை இருக்கவில்லை. சிப்செட்டில் ஒரு கட்டுப்படுத்தி, பலகையில் எண்களை ஒலியாக மாற்றும் ஒரு கோடெக் சில்லு, இரண்டுக்கும் நடுவே ஒரு தடம். கர்னல் நேராகவே பேசிவிடும். சமீப வருட லேப்டாப்களில் அந்தக் கட்டுப்படுத்தியோடு ஒலிக்கென்றே ஒரு சிறிய செயலியும் சேர்ந்துவிட்டது. திரைக்கு மேலே கேமரா பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றனவே, அந்த டிஜிட்டல் மைக்குகள் பல லேப்டாப்களில் கோடெக்கிடம் போவதில்லை, நேராக இந்தச் செயலியிடம் போகின்றன. அந்தச் செயலிக்கு நிரந்தரமான நினைவு கிடையாது. கணினியை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் அது ஓட வேண்டிய நிரலைக் கர்னல்தான் வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். இன்டெல் 2018-இல் அறிவித்த ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’, சுருக்கமாக எஸ்ஓஎஃப், அந்த நிரல்தான்.

பெயரிலேயே ‘ஓப்பன்’ இருக்கிறது, மூலநிரலும் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. ஆனாலும் டெபியன் அதைத் தன் முழுச் சுதந்திர மென்பொருள் பகுதியில் வைப்பதில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் உள்ள அந்தச் செயலி, இன்டெல்லின் கையொப்பம் உள்ள கோப்பை மட்டும்தான் ஏற்கும். நீங்கள் மூலநிரலை எடுத்துத் திருத்தி நீங்களே உருவாக்கினால் உங்கள் லேப்டாப்பே அதை ஓட்டாது. வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சாவியைத் தராத இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லை. டெபியனும் அதை வேறு பகுதியில் வைத்தது நியாயம்தான். ஆனால் அத்தைக்கு ராத்திரி பேத்தியோடு பேச வேண்டும்.

டெபியன் 11 வரை நிறுவல் வட்டில் இந்த மாதிரி ஃபர்ம்வேர் எதுவும் இயல்பாக இருக்காது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் வட்டில் ஃபர்ம்வேரும் சேர்ந்தே வந்தது. அதற்கென்று ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பகுதியும் பிரித்தார்கள். அத்தையின் லேப்டாப்பில் முதலில் 11 போட்டிருக்கிறார்கள், வைஃபைக்கான ஃபர்ம்வேரை மட்டும் கையால் சேர்த்திருக்கிறார்கள், பிறகு 12-க்கு ஏற்றியிருக்கிறார்கள். தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மூலப் பட்டியலில் புதுப் பகுதியின் பெயர் ஏறவே இல்லை. அதனால் ‘ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்டு’ என்ற தொகுப்பைக் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. பட்டியலில் பெயரைச் சேர்த்தேன், புதுப்பித்தேன், தொகுப்பை நிறுவினேன், கணினியை மறுபடி ஆன் செய்தேன். டம்மி போய்விட்டது. ஸ்பீக்கர், ஹெட்போன், மைக் மூன்றும் பெயரோடு வந்து நின்றன. (ஆர்ச் பயன்படுத்துகிறவர்கள் ‘எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர்’ என்றும், ஃபெடோராவில் ‘அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர்’ என்றும் தேட வேண்டும்.)

இதே சிக்கலுக்கு இணையத்தில் இதைவிடச் சுலபமாக ஒரு வழி சுற்றுகிறது. கர்னலுக்கு ஒரே ஒரு வரி அமைப்பு: ‘டிஎஸ்பி டிரைவர் 1’. அந்தச் சிறிய செயலியை ஒதுக்கிவிட்டு, பழைய எச்டி ஆடியோ முறையிலேயே பேசு என்று அர்த்தம். தொகுப்பு வேண்டாம், பதிவிறக்கம் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமும் பெரும்பாலும் வந்துவிடும். பதில் எழுதியவருக்கு நூறு நன்றிகளும் கிடைத்திருக்கும். ஆனால் டிஜிட்டல் மைக் அந்தச் செயலியோடு அல்லவா இணைந்திருக்கிறது? செயலியை ஒதுக்கினால் மைக்கும் சேர்ந்து போகும். பாட்டு மட்டும் கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. அத்தைக்கு மகள் பேசுவது கேட்கும், அத்தை பேசுவது மஸ்கட்டில் கேட்காது. யாரோ ஒருவருக்குத் தீர்வாக இருந்தது இன்னொருவருக்கு ஏன் பாதித் தீர்வாகிறது என்று புரிய, சத்தம் எந்த வழியில் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சும்மா நகலெடுத்து ஒட்டினால் புரியாது.

டெஸ்க்டாப்களில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கார்டு காணாமல் போவதில்லை, கார்டு அதிகமாகிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எச்டிஎம்ஐ வழியாக ஒலி அனுப்பத் தனியாக ஓர் ஒலிக் கருவியைச் சுமந்துகொண்டு வருகிறது. கணினி ஆன் ஆகும்போது அது முந்திக்கொண்டால் சத்தம் எல்லாம் மானிட்டருக்குப் போகும். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர் என்ன செய்யும்? பச்சை ஓட்டையில் செருகிய ஸ்பீக்கரை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். ‘பாவுகன்ட்ரோல்’ என்று ஒரு சிறிய நிரல் இருக்கிறது. எந்த நிரலின் ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று தனித்தனியாகக் காட்டும், அங்கேயே மாற்றவும் செய்யலாம். பைப்வயர் வந்த பிறகும் அது வேலை செய்கிறது.

அல்சாமிக்சரையும் விட்டுவிடக் கூடாது. கறுப்புத் திரையில் வால்யூம் அளவுகள் தூண் தூணாக நிற்கும், பார்க்கப் பழைய காலத்து நிரல். தூணின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் அந்த வழி மூடியிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறக்கும். எஃப்6 தட்டினால் எந்தக் கார்டு என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கே ‘ஆட்டோ-மியூட்’ என்று ஒன்றும் இருக்கும். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக அமைதியாக்குவது அதன் வேலை. ஜாக்கில் தூசி அடைத்தோ உள்ளே தகடு வளைந்தோ போனால், எதுவும் செருகாமலேயே செருகியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் ஊமையாகவே கிடக்கும். ஆட்டோ-மியூட்டை அணைத்துவிட்டுச் சத்தம் வந்தால் கோளாறு லினக்ஸில் இல்லை, ஜாக்கில் இருக்கிறது.

விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸிலிருந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து நேராக லினக்ஸுக்கு வந்தால், அங்கே கோடெக்கை எந்த நிலையில் விட்டார்களோ அதே நிலையில் சில கணினிகளில் இங்கே வந்து சேரும். முழுக்க அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு லினக்ஸைத் திறந்து பாருங்கள். ஒன்றும் செலவில்லை.

நமக்கெல்லாம் சத்தம் போனால் எரிச்சல். பார்வையற்றவர்களுக்குச் சத்தம் போனால் கணினியே போய்விட்டது. அவர்கள் பெரும்பாலும் ஓர்க்கா என்ற திரைவாசிப்பான் மூலம்தான் லினக்ஸைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குக் குரல் கொடுக்கும் ஈஸ்பீக் என்ஜி என்ற நிரல் தமிழையும் வாசிக்கிறது. அந்த இயந்திரக் குரலின் உச்சரிப்பைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனாலும் வாசிக்கிறது. ‘டம்மி அவுட்புட்’ என்று திரையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டிய குரலே அந்த டம்மிக்குள் விழுந்துகொண்டிருந்தால் அவர்கள் எந்தக் கட்டளையைத் தட்டி எதைக் கண்டுபிடிப்பது? டெபியனின் நிறுவல் வட்டில் இதை யோசித்திருக்கிறார்கள். தொடக்கப் பட்டியல் வரும்போது எஸ் விசையும் என்டரும் தட்டினால் நிறுவல் முழுக்கப் பேசிக்கொண்டே நடக்கும். ஒன்றுக்கு மேல் சவுண்ட் கார்டு இருந்தால் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்து, குரல் கேட்கும்போது என்டர் தட்டு என்று சொல்லும். திரையை நம்பாமல் காதை நம்பிக் கார்டைத் தேர்ந்தெடுக்கிற இந்த முறை கண் தெரிகிறவர்களுக்கான அமைப்புகளிலும் இருந்தால், மானிட்டருக்குள் சத்தத்தைத் தொலைப்பவர்கள் பாதியாகக் குறைவார்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று. கர்னலுக்குக் கார்டு தெரிகிறது, ஃபர்ம்வேர் இருக்கிறது, எதுவும் மியூட்டில் இல்லை, சரியான கருவிதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அப்போதும் சத்தம் இல்லை என்றால், உங்கள் லேப்டாப் மாடலைக் கர்னலுக்கு இன்னும் யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்பது பெரிய சாத்தியம். கோடெக் சில்லு ஒன்றாக இருந்தாலும் அதன் எந்தக் காலில் (இணைப்பு முனையில்) ஸ்பீக்கர், எந்தக் காலில் மைக் என்பது ஒவ்வொரு மாடலிலும் மாறும். அந்த விவரத்தை, கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் சரியாகச் சொல்ல வேண்டும், பல நேரம் சொல்வதில்லை. விண்டோஸுக்குத் தயாரிப்பாளரே தனி டிரைவர் கொடுத்துவிடுவதால் அங்கே இது தெரியாது. லினக்ஸில் ரியல்டெக் கோடெக்குகளுக்கான கோப்பு ஒன்றே பத்தாயிரம் வரிகளைத் தாண்டி வளர்ந்தது. அதில் பெரும்பகுதி ‘இந்த மாடலில் இந்தக் கால் இப்படி’ என்ற விதிவிலக்குகள். வருடக்கணக்காக இவற்றை வாங்கிச் சேர்த்துவருபவர் சூசே நிறுவனத்தின் தகாஷி இவாய். சமீப வருட மெல்லிய லேப்டாப்களில் ஸ்பீக்கருக்குத் தனியாக ஆம்ப்ளிஃபையர் சில்லும் வைக்கிறார்கள். ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். முதலில் புதிய கர்னல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உங்கள் மாடலுக்கான வரி ஏற்கெனவே வந்திருக்கலாம்.

வரவில்லை என்றால் தெரிவிக்க வேண்டியதுதான். ‘சத்தம் வரவில்லை, உதவி தேவை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘அல்சா-இன்ஃபோ’ என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால் கோடெக்கின் பெயர், கால்களின் நிலை, மாடலின் அடையாள எண், கர்னல் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திரட்டிக் கொடுக்கும். அந்தக் கோப்போடு, ஹெட்போனில் கேட்கிறதா, எச்டிஎம்ஐயில் கேட்கிறதா, முன்பு எந்தக் கர்னலிலாவது வேலை செய்ததா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் படிக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.

அத்தையின் லேப்டாப்பில் இன்னொரு வேலை மிச்சமிருந்தது. சத்தம் வர ஆரம்பித்த பிறகு, கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஏதாவது ஒலிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம், கூடவே முதல் சொல்லின் தலை வெட்டுப்பட்டது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, ஐந்து விநாடி யாரும் கேட்காவிட்டால், பைப்வயரின் துணை நிரலான வயர்பிளம்பர் கார்டைத் தூங்க வைத்துவிடுகிறது. அந்தக் கால அளவைப் பூஜ்யமாக்கினால் தூங்காது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும் என்றேன். “வீட்லதானப்பா இருக்கேன், ஒயரை மாட்டிக்கிறேன்” என்றார். பூஜ்யமாக்கிவிட்டேன்.